ரக்னா பெரியம்மா படுத்த பக்கம்

எங்கள் பக்கத்தில் ரோஜாச் செடியை அக்டோபரில் புதைத்துவிட வேண்டும். நிற்க விட்டால் ஜனவரிக் காற்று அதைத் தீய்த்துவிடும். வசந்தத்தில் கறுத்த குச்சிகள்தான் மிஞ்சும். ஆகவே கிளைகளை நூலால் ஒன்றாகக் கட்டி, செடியின் ஒரு பக்கத்தில் அதன் நீளத்துக்குப் பள்ளம் வெட்டி, எதிர்ப்பக்கத்து வேரைத் தளர்த்தி, மெதுவாகச் சாய்த்துப் படுக்க வைத்து மண்ணை மூடுவோம். மண் குளிரில் உறைந்து இறுகியபின் மேலே மூட்டை மூட்டையாகக் காய்ந்த இலை. அதன்மேல் பனி. வெயில் திரும்பியதும் எழுப்பி நிறுத்துவோம். மின்னசோட்டாவில் ரோஜா வளர்ப்பவர்கள் எல்லாருக்கும் தெரிந்த வேலை இது. என் அண்ணன் பால்மருக்கு மட்டும் தெரியாது. முப்பது வருஷத்துக்கு மேல் ஒரு ரோஜாக்காரியோடு குடித்தனம் நடத்தியும் தெரியாது.

அதற்குக் காரணம் பீட் கிழங்கு. ரெட் ரிவர் சமவெளியில் அக்டோபர் பிறந்தால் சர்க்கரை ஆலைக்குப் போகும் கிழங்கைத் தோண்டுவார்கள். மண் இறுகுவதற்குள் அத்தனையும் வெளியே வந்தாக வேண்டும். இரவும் பகலும் லாரிகள் ஓடும். ஆசிரியர், பாதிரியார், முடிவெட்டுகிறவர் என்று ஊரில் ஓட்டத் தெரிந்தவர்கள் எல்லாரும் ஏறிவிடுவார்கள். அண்ணனுக்கு வருஷம் முழுக்க வேலை மாவட்டத்துச் சாலைகளைச் சமன்படுத்தும் வண்டியில். அக்டோபரில் மட்டும் அங்கே விடுப்பு எடுத்துக்கொண்டு டெல்பர்ட்டின் வயலில் லாரி ஓட்டுவான். டெல்பர்ட் அவனோடு பள்ளியில் படித்தவன். பள்ளியை விட்ட வருஷத்திலிருந்து ஒரு அறுவடையைக்கூட அண்ணன் தவறவிட்டதில்லை. அதில் அவனுக்கு ஒரு பெருமை. அவன் கல்யாணத் தேதியே பீட்டைக் கேட்டுத்தான் வைத்தார்கள்.

ரோஜாவைப் புதைப்பதும் அதே நாட்களில்தான். அண்ணி ஆர்டிஸ் தனியாகவே புதைப்பாள்.

அண்ணி பள்ளிச் சமையலறையில் வேலை பார்த்தாள். உயரமில்லை, ஆனால் தோள் அகலம். முந்நூறு பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு மசிக்கிற கை. கார் கொட்டகையின் தெற்குச் சுவரை ஒட்டிப் பன்னிரண்டு செடி வைத்திருந்தாள். எல்லாவற்றுக்கும் தன் வீட்டு மூத்த பெண்களின் பெயர். கெர்த்தா சித்தி, இங்கபோர்க் அத்தை, இப்படி. தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் முதலாவதாக நின்றது ரக்னா பெரியம்மா. வெளிறிய பீச் நிறப் பூ. முள் மட்டும் மற்றதைவிட இரண்டு பங்கு. நிஜமான ரக்னா பெரியம்மாவும் அப்படித்தானாம். விருந்துக்குக் கடைசியாக வருவாளாம், வந்ததும் யார் மேலாவது கோபித்துக்கொள்வாளாம், ஆனால் அவள் கொண்டுவருகிற கேக்குக்காக எல்லாரும் காத்திருப்பார்களாம்.

"மைனஸ் முப்பதுல ரோஜா வளக்கறா எம் பொண்டாட்டி," என்பான் அண்ணன், வந்தவர்களிடமெல்லாம். "அடுத்த வருஷம் ஆரஞ்சு மரம் வைக்கப் போறா. தோண்டிப் புதைக்க ஒரு கிரேன் வாங்கணும்."

"வாங்கிக் குடு. நீயா தோண்டப் போறே?" என்பாள் அண்ணி.

"எனக்கு எதுக்கு? நான் மனுஷங்க சாப்பிடற சர்க்கரைக்கு வேல பாக்கறேன். நீ அத்தைகளுக்குப் படுக்கை விரிக்கறே."

"உன் சர்க்கரைய எறும்புகூடத் தேடாது. எங்க ரக்னாவப் பாக்க மேயர் பொண்டாட்டியே வந்தா."

சண்டையில்லை. சாப்பாட்டு மேஜையில் உப்பு தள்ளுவதுபோல இது. ஜூன் மாதத்தில் ரக்னாவின் முதல் பூ மலர்ந்ததும் அண்ணி அதை வெட்டி அவன் காபிக்குப் பக்கத்தில் வைப்பாள். அவன் பார்த்துவிட்டு, "மோசமில்ல," என்பான். எங்கள் ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடையாது.

அந்த வருஷம் அக்டோபரில் நான் மினியாபோலிஸிலிருந்து ஒரு சனி ஞாயிறு அங்கே போயிருந்தேன். அண்ணன் இரவு முழுக்க லோடு அடித்துவிட்டு வந்து, சட்டையெல்லாம் கரிசல் மண்ணோடு, நின்றபடியே முட்டையும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

"ஒரே ஒரு நாள் லீவு போடு பால்மர்," என்றாள் அண்ணி. "இந்த வருஷம் முதுகு பிடிச்சு இழுக்குது. பாதிதான் முடிச்சிருக்கேன்."

"குழி வெட்டினா முதுகு வலிக்காம பல்லா வலிக்கும்? பீட் முடியட்டும், நானே வந்து தோண்டறேன்."

"பீட் முடியறப்ப மண்ணு கல்லாயிருக்கும்."

"அப்ப டெல்பர்ட்கிட்ட நீயே சொல்லு, உங்க கிழங்கு நிக்கட்டும், எங்க பெரியம்மாவுக்குத் தூக்கம் வருதுன்னு."

அண்ணி சிரித்துவிட்டாள். அவன் தூங்கப் போனான். நாங்கள் இருவரும் தோட்டத்துக்குப் போனோம். வைக்கோல் கட்டுகிற ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் நூலால் அவள் கிளைகளைக் கட்ட, நான் முள் குத்தாமல் பிடித்துக்கொண்டேன். கட்டியபிறகு நூலின் ஒரு முனையை ஒரு முழம் நீளமாக விட்டாள். செடியைப் படுக்க வைத்து மூடியதும் அந்த முனை மட்டும் மண்ணுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

"இது எதுக்கு அண்ணி?"

"தலை எங்க இருக்குன்னு தெரிய வேண்டாமா, வெர்னா? ஒவ்வொருத்தி ஒவ்வொரு பக்கம் படுப்பா. முதல் வருஷம் எந்தப் பக்கம் சாஞ்சாளோ, வேரு அந்தப் பக்கம்தான் வளையும். மாத்திப் படுக்க வச்சா முறிஞ்சிடும். ஏப்ரல்ல எனக்கே மறந்துபோயிடும், நூலப் பாத்துத்தான் எழுப்புவேன்."

மிச்சம் இருந்ததை நான் ஊருக்குத் திரும்பியபின் அவளே முடித்திருக்கிறாள்.

முதுகுவலி நவம்பரிலும் போகவில்லை. களிமண்ணைத் தோண்டியதுதான் என்று அவளும் சொன்னாள், அவனும் சொன்னான். சூட்டுப்பை வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். நன்றி நாள் விருந்தில் வான்கோழியைத் தூக்க முடியாமல் அண்ணனைக் கூப்பிட்டாளாம். டிசம்பரில் கண் மஞ்சளானபிறகுதான் ஃபார்கோவில் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். கணையத்தில் கட்டி. பின்னால் முதுகுவரை பரவியிருந்தது. முன்னாடியே வந்திருந்தால் என்று மருத்துவர் தொடங்கியதை அண்ணிதான் கைகாட்டி நிறுத்தினாள் என்று அண்ணன் சொன்னான்.

பிப்ரவரியில் போய்விட்டாள். வீட்டில், கூடத்தில் போட்ட கட்டிலில். கடைசி வாரம் பேச்சு குறைந்துவிட்டது. பேசியதெல்லாம் சின்னச் சின்ன விஷயம்: ஃப்ரீசரில் இருக்கிற லெஃப்சா ரொட்டியை யாருக்குக் கொடுப்பது, அவனுடைய நல்ல கோட்டில் அறுந்த பொத்தான். ஒருநாள் கண்ணை மூடியபடியே சொன்னாள்:

"பால்மர், ஏப்ரல் பாதி தாண்டினதும் அவங்கள எழுப்பிடு. ரக்னாவ முதல்ல எழுப்பு. லேட்டானா கோவிச்சுக்குவா."

"சரி."

"நிஜமா செய்வியா?"

"செய்யறேன்னு சொல்றேனில்ல."

எப்படி எழுப்புவது என்று அவன் கேட்கவில்லை. சாகிறவளிடம் வேலை கற்றுக்கொள்வதா என்று தோன்றியதாம்.

அடக்கம் முடிந்து, தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் பன்றிக்கறி ரொட்டியும் காபியும் முடிந்து, எல்லாரும் கலைந்த பிறகு அவன் ஏப்ரலுக்காகக் காத்திருந்தான். வாராவாரம் நான் ஃபோன் செய்தால் வேறு பேச்சு இல்லை. இன்னும் ரெண்டு அடி பனி கிடக்கு. ஒரு அடி. ஓரமெல்லாம் உருகிடுச்சு. அவள் அவனிடம் கேட்டுவிட்டுப் போனது அது ஒன்றுதான். அந்தப் பன்னிரண்டு செடிகளையும், அதிலும் ரக்னாவை, உயிரோடு நிறுத்திவிட்டால் போதும் என்று அவன் எண்ணியிருந்தது அவன் குரலிலேயே தெரிந்தது. எதற்குப் போதும் என்று நான் கேட்கவில்லை.

ஊரில் ரோஜா தெரிந்தவள் மவிஸ். அண்ணிக்கே இந்த வேலையைச் சொல்லிக் கொடுத்தவள். தேவாலயத்தில் அவளைப் பார்த்து எப்போது எழுப்பலாம் என்று கேட்டிருக்கிறான். "இலைய கொஞ்சம் கொஞ்சமா எடு. மண்ணு இளகினதும் தூக்கி நிறுத்து. நான் வேணா வரட்டுமா?" என்றாள். "வேண்டாம், நானே பாத்துக்கறேன்," என்றுவிட்டான். தன் பெண்டாட்டி கேட்டதை இன்னொருத்தியை வைத்துச் செய்ய அவனுக்கு மனமில்லை.

ஏப்ரல் மூன்றாம் வாரம் கறியும் பட்டாணியும் உருளைக்கிழங்கும் வைத்துச் சுட்ட ஒரு தட்டை எடுத்துக்கொண்டு நான் போனேன். வாசல் திறந்திருந்தது, வீட்டில் ஆளில்லை. தோட்டத்துக்குப் போனால், ஈர மண்ணில் முழங்காலிட்டு உட்கார்ந்திருந்தான். நீண்ட இரும்பு முட்கள் வைத்த மண்கிளறி பக்கத்தில் கிடந்தது. இரண்டு கைகளாலும் கரிசலை வழித்து வழித்து எடுத்துக்கொண்டிருந்தான். நகமெல்லாம் இரத்தம்.

"அண்ணே, என்ன பண்றே?"

"கிட்ட வராத. மிதிச்சிடுவே."

தோட்டத்தைப் பார்த்தேன். பள்ளிக்கூட மைதானம்போலத் துப்புரவாக இருந்தது. ஒரு இலை இல்லை, ஒரு குச்சி இல்லை. வழவழவென்று கறுப்பு மண். சாலையைச் சமன்படுத்தியே வாழ்ந்தவன். ஒரு மேடு, ஒரு துருத்தல் அவன் கண்ணுக்குப் பொறுக்காது.

"நூலெல்லாம் எங்கே?" என்றேன்.

"எந்த நூலு?"

"ஆரஞ்சு நூலு. மண்ணுக்கு வெளிய நீட்டிட்டு இருக்குமே."

"அதுவா. கண்டபடி துருத்திட்டு நின்னுச்சு. இலைய வாரினப்பவே எல்லாத்தையும் மண்ணோட மண்ணா வெட்டிட்டேன். குப்பைல போட்டாச்சு." சொல்லிவிட்டு என் முகத்தைப் பார்த்தான். "ஏன்?"

நான் சொல்ல வேண்டியிருந்தது.

கேட்டுவிட்டுக் கையிலிருந்த மண்ணை உதறினான். பிறகு பக்கத்தில் இருந்த பள்ளத்தைக் காட்டினான். குழாயடிப் பள்ளம். எல்லாச் செடியும் வீட்டைப் பார்த்துப் படுத்திருக்கும் என்று அவன் நினைத்திருக்கிறான். அவன் படுக்க வைத்திருந்தால் அப்படித்தான் ஒரே வரிசையாகப் படுக்க வைத்திருப்பான். அதனால் தெருப் பக்கத்திலிருந்து மண்கிளறியை ஆழ இறக்கி நெம்பியிருக்கிறான். ரக்னா தெருவைப் பார்த்துப் படுத்திருந்தாள். தண்டும் வேரும் சேர்கிற முட்டியில் கிளறியின் முள் இறங்கியிருந்தது. கிளைகள் எல்லாம் ஆரஞ்சு நூலில் கட்டியபடியே தனியாக வந்துவிட்டன. உள்ளே பச்சை. குளிர்காலம் முழுக்கப் பழுதில்லாமல் பிழைத்துக் கிடந்திருக்கிறது.

"கேரட் ஒடியற மாதிரி சத்தம் கேட்டுச்சு," என்றான். "ரக்னாதான் முதல்ல. அவ சொன்ன மாதிரியே முதல்ல எழுப்பினேன்."

அதற்குப்பின் இரண்டாவதிலும் மூன்றாவதிலும் அதே சத்தம் கேட்டதும் கிளறியைத் தூர எறிந்துவிட்டுக் கையால் தோண்ட ஆரம்பித்திருக்கிறான். அன்று இருட்டும்வரை நாங்கள் இருவரும் கையால்தான் தோண்டினோம். ஐஸ் கட்டி இன்னும் கரையாத களிமண். கொண்டுபோன சாப்பாட்டை யாரும் தொடவில்லை. மற்ற ஒன்பதும் எழுந்து நின்றன. ரக்னாவின் வேரை மட்டும் அவன் விடவில்லை. முறிந்த இடத்தைத் துணியால் துடைத்து, மெழுகு தடவி, மண்ணைக் குவித்து மூடினான். அதைச் சுற்றிக் கோழிவலை அடித்தான்.

மே கடைசியில் ஃபோன் வந்தது. "வெர்னா! வந்துட்டா!"

"யாரு?"

"ரக்னா. மண்ணுக்குள்ளேந்து மூணு துளிர். சிவப்பா, விரல் தடிமன். என்ன திமிருங்கறே!"

அண்ணி போனபின் அவன் குரலை அப்படி நான் கேட்டதில்லை. மவிஸைக் கூப்பிட்டுக் காட்டு என்றேன். பூத்தபிறகு காட்டுகிறேன் என்றான். அந்தக் கோடையில் ரக்னா மற்றவற்றைவிட வேகமாக வளர்ந்தது. சாட்டைபோல நீண்ட கிளைகள். பூ மட்டும் வரவில்லை. கோபம், அடுத்த வருஷம் சரியாகிவிடுவாள் என்றான். கட்டையில் உட்கார்ந்து அதனோடு என்னவோ பேசிக்கொண்டிருக்கிறான் என்று பக்கத்து வீட்டுக்காரர் என்னிடம் சொன்னார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் ஊரில் ஆண்கள் டிராக்டரோடு பேசுவார்கள், நாயோடு பேசுவார்கள். மனிதர்களோடுதான் தயங்குவார்கள்.

அக்டோபரில் டெல்பர்ட் வீட்டு வாசலில் வந்து நின்றான். "என்னடா, திங்கட்கிழமை ஆரம்பிக்கறோம். வண்டிக்கு ஆயில் மாத்தியாச்சு."

"இந்த வருஷம் வரல."

"என்னது? ஒடம்பு சரியில்லயா?"

"ரோஜா புதைக்கணும்."

டெல்பர்ட் சிரிக்க வாயெடுத்தான். அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சரிசெய்துகொண்டு, "சரிடா," என்று போய்விட்டான்.

இந்த முறை மவிஸிடம் போய் எல்லாவற்றையும் கேட்டு வந்திருந்தான். அவன் தனியாகத்தான் தோண்டினான், யாரையும் விடவில்லை. நூல் முனைகளை ஒரு முழத்துக்குப் பதில் இரண்டு முழம் விட்டான். முடித்த அன்று மாலை ஃபோனில் முனகினான். இடுப்பு விட்டுப்போச்சு, ஷூ கழற்ற முடியவில்லை என்றான். அடுத்த வாரம் நான் போனபோது சமையலறையில் நிமிர்ந்து நின்று காபி போட்டுக்கொண்டிருந்தான்.

"முதுகு எப்படிண்ணே இருக்கு?"

"போயிடுச்சு. ரெண்டு நாள்தான். மூணாம் நாள் எழுந்தா ஒண்ணுமே இல்ல."

கோப்பையை எடுத்தவன் அதை மேஜையில் வைத்துவிட்டான்.

"ரெண்டே நாள்ல போயிடுது, வெர்னா," என்றான். "தோண்டற வலி ரெண்டு நாள்ல போயிடுது. அவளுக்குப் போகவே இல்லயே. நவம்பர் பூரா சூட்டுப்பைய வச்சிட்டுத் திரிஞ்சா. நான் ஒரு தடவ, ஒரே ஒரு தடவ இந்தக் குழிய வெட்டியிருந்தா, எனக்குத் தெரிஞ்சிருக்கும். இது அந்த வலி இல்லன்னு சொல்லியிருப்பேன்."

அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தாலும் அந்தக் கட்டிக்கு என்ன செய்திருப்பார்கள் என்று யாரால் சொல்ல முடியும்? அதைச் சொல்லலாம்தான். ஆனால் அவன் சொன்னதில் பொய்யில்லை. காபி ஆறியது. வெளியே பீட் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாகப் போய்க்கொண்டிருந்தன. ஒவ்வொன்றும் கடக்கும்போது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது.

வசந்தத்தில் பத்தும் முறியாமல் எழுந்தன. ஜூன் இரண்டாம் வாரம், மொட்டு வந்துவிட்டது, வா என்று கூப்பிட்டான். மவிஸையும் அவனே கூப்பிட்டிருந்தான். நாங்கள் போன காலையில் ரக்னா கிளை கிளையாகப் பூத்திருந்தது. கொத்துக் கொத்தாக, சிறிய பூக்கள். ஆழ்ந்த சிவப்பு, கிட்டத்தட்டக் கறுப்பு.

அண்ணன் குழாய்க்குப் பக்கத்தில் கைகளைக் காற்சட்டைப் பைக்குள் விட்டு நின்றான். "நிறம் மாறிடுச்சு," என்றான். "போன வருஷ அடியினாலயா மவிஸ்? மருந்து எதுனா வைக்கணுமா?"

மவிஸ் குனிந்து அடிமண்ணை விரலால் விலக்கிப் பார்த்தாள். நிமிர்ந்து, கையைத் தட்டிக்கொண்டாள்.

"இது ரக்னா இல்ல பால்மர்," என்றாள். "நர்சரிக்காரன் நல்ல ரோஜாவக் காட்டு ரோஜா வேர்ல ஒட்டித்தான் விக்கறான். ஒட்டுக்கு மேல இருந்தவதான் ரக்னா. அது முறிஞ்சப்பவே அவ போயிட்டா. இது அடியில இருந்த காட்டு ரோஜா. மேல ஆளில்லன்னதும் எழுந்து வந்திருக்கு."

அண்ணன் பைக்குள்ளிருந்த கையை எடுத்து ஒரு கொத்துப் பூவைத் திருப்பிப் பார்த்தான்.

"பிடுங்கிப் போட்டுடு. இடத்த அடைச்சுக்கும். அதே பீச் ரகம் நான் வரவழைச்சுத் தரேன், அடுத்த வசந்தத்துல வைக்கலாம்."

"வேரு பழசுதானே?" என்று கேட்டான்.

"வேரா? வேரு அதேதான். ஆர்டிஸ் வச்ச வேருதான்."

"அப்ப இருக்கட்டும்."

மவிஸ் என்னைப் பார்த்தாள். பிறகு, அடுப்பில் ரூபார்ப் ஜாம் இருக்கிறது என்று எதையோ சொல்லிவிட்டுக் கிளம்பினாள். அவள் கார் போனதும் அண்ணன் செடிப் பக்கம் திரும்பினான்.

"ஒரு வருஷம்," என்றான். "ஒரு வருஷமா இதுங்கிட்ட பேசிட்டு இருந்திருக்கேன், வெர்னா. ஆள் மாறிப்போனது தெரியாம."

"என்ன பேசினே?"

"அத விடு."

குழாயைத் திறந்தான். கொட்டகை ஓரமாக நடந்து ஒவ்வொரு செடிக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டே போய், கடைசியில் திரும்பி வந்து, சிவப்புச் செடிக்கும் விட்டான். பூவை வெட்டவில்லை.

அதற்குப்பின் அவன் ஆறு வருஷம் இருந்தான். போன மாதம்தான் அவனை அண்ணிக்குப் பக்கத்தில் வைத்தோம். அந்த ஆறு வருஷமும் பீட் லாரி ஏறவே இல்லை. அந்தச் சிவப்புக்குக் குழி வேண்டாம், கொஞ்சம் இலை போட்டாலே எந்தக் குளிரையும் தாங்கும் என்று மவிஸ் பலமுறை சொல்லிப் பார்த்தாள். "தெரியும்," என்பான். அக்டோபர் வந்ததும் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு முதலில் அதற்குத்தான் பள்ளம் வெட்டுவான்.